படத்துப் புருஷன்

விருந்தினர் வேன் பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டது என்று போன் வந்தால் ஏசுபாதம் முதலில் கழற்றுவது கைக்கடிகாரத்தை. அடுத்தது மூக்குக்கண்ணாடி. அப்புறம் பேன்ட், சட்டை. இதற்கென்றே வெளுக்காமல் வைத்திருக்கும் பழுப்பு வேட்டியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக் கட்டிக்கொள்வார். கழுத்தில் தொங்கும் சிலுவையைப் பனியனுக்குள் தள்ளுவார். படத்தில் அவர் பெயர் முனியன்.

பிறகு வாசல். ஸ்கூட்டர் பக்கத்து வீட்டுக்குப் போகும். தண்ணீர் கேன் மறையும். அவருடைய கான்கிரீட் வீட்டுக்குப் பின்னால் ஒரு கீற்றுக் குடிசை இருக்கிறது. வருடம் முழுக்க அதில் கிடக்கும் சிமென்ட் மூட்டை, ஓடாத டேபிள் ஃபேன், தையல் மெஷின் எல்லாம் வெளியே வரும். ஒரு மண்பானையும் கோரைப்பாயும் உள்ளே போகும். கடைசியாக வெளியேறுவது அவர் மனைவி சம்பூர்ணம். படத்தில் அவளுக்கு இடமில்லை. படாளத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவாள். ஏறுவதற்கு முன் ஒரு வார்த்தை சொல்லாமல் போவதில்லை.

"பேதுருவாச்சும் ஏசுவத் தெரியாதுன்னு மூணு வாட்டியோட நிறுத்திக்கினாரு. நீ வருசா வருசம் மறுதலிக்கிற. சிலுவையையும் மறைக்கிற, பொண்டாட்டியையும் மறைக்கிற."

"கேமராவுக்கு சொன்னா அது பொய் இல்லடி. டைலாக்கு."

இந்த ஒரு வாக்கியத்தை அவர் வேதவசனம்போலப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

செய்யூர் சாலையில், சவுக்கு லாரிகள் வந்து நிற்கும் எடைமேடையில் அவருக்கு வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து லாரியை எடை போட்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். லாரி மேடையில் ஏறியதும் திரையில் எண்கள் மேலும் கீழும் ஆடும். அவை அடங்கும்வரை சீட்டு அடிக்க மாட்டார். டிரைவர் ஹாரன் அடித்தாலும் அசைய மாட்டார். திரையைப் பார்த்து, "நடிக்காத. நேச்சுரலா நில்லு" என்பார். அந்த 'நேச்சுரலா', படத்தின் டைரக்டர் அவரிடம் விட்டுப்போன சொல். 'ஒன் மோர்' என்பதும் அப்படித்தான். டீக்கடையில் இரண்டாவது டீக்கு "ஒன் மோர்." பந்தியில் ரசத்துக்கு "ஒன் மோர்." ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிரியார் நீண்ட ஜெபத்தை முடித்ததும் எல்லாரும் 'ஆமென்' சொல்ல, இவர் வாய் தவறி "கட்" என்றார் என்று சம்பூர்ணம் சொல்வாள். அவர் அதை ஒப்புக்கொண்டதில்லை.

நான் நெம்மேலியில், கடல்நீரைக் குடிநீராக்கும் இடத்தில் அளவைக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருக்கிறேன். எண் அடங்கும்வரை காத்திருப்பதுதான் சரியான முறை என்று அவரிடம் ஒருநாள் சொன்னேன். "அப்ப நீயும் ஒரு டைரக்டருதான் பாப்பா" என்றார்.

படம் எடுக்கப்பட்டது எண்பதுகளின் கடைசியில். அரசுத் தொலைக்காட்சி பணம் போட்டது. டைரக்டர் சின்னக் கூட்டத்தோடு எங்கள் ஊருக்கு வந்து, கேமராவை நிறுத்த நல்ல இடம் தேடி, கடைசியில் நாற்றங்காலுக்குள்ளேயே இறங்கிவிட்டார். அன்று கூலிக்கு நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தவர் ஏசுபாதம். "யோவ், நாத்து மேல இன்னாத்துக்கு நிக்கற? அதுக்கு உயிரு கீது இல்ல?" என்று கத்தினார். டைரக்டர் அந்த முகத்தைப் பார்த்தார். மறுநாள் முதல் ஏசுபாதம் முனியன் ஆனார்.

முனியனின் மனைவியாக நடிக்க மெட்ராசிலிருந்து வந்த பெண் வெயில் தாங்காமல் திரும்பிப் போய்விட்டாள். நடவுக்கு நின்றிருந்த பெண்களில் ஒருத்தியைக் கூப்பிட்டார்கள். அது என் அம்மா, கன்னியம்மா. அப்போது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. நான் பிறக்கவில்லை.

சிக்கல் முதல் நாளே வந்தது. எங்கள் தெருவில் ஏசுபாதம் அம்மாவுக்கு அண்ணன் முறை. வேதம் வேறானாலும் தெரு முறை மாறுவதில்லை. கதைப்படி அம்மா அவரைப் பார்த்து "இன்னாங்க" என்று கூப்பிட வேண்டும். கேமரா ஓடியது. அம்மா "அண்ணே" என்றாள். டைரக்டர் விளக்கினார். ஒன் மோர். மறுபடியும் "அண்ணே." கோபப்பட்டார். கெஞ்சினார். அம்மா சரியென்று தலையாட்டிவிட்டு, கேமரா ஓடியதும் அதையேதான் சொன்னாள். "அண்ணன எப்டி சார் இன்னாங்கன்றது? நாளிக்கி இந்தத் தெருவுல நான் நடக்க வேணாமா?" கடைசியில் டைரக்டர் விட்டுவிட்டார். குரலை மெட்ராசில் ஒரு நாடக நடிகையிடம் எடுத்துக்கொண்டார். படத்தில் அம்மாவின் முகம் இருக்கிறது, குரல் வேறொருத்தியுடையது. காது 'இன்னாங்க' என்று கேட்கும். உதட்டைப் பார்த்தால் 'அண்ணே.'

படப்பிடிப்பில் பதிவான அவளுடைய சொந்தக் குரல், டப்பிங் செய்பவருக்கு வழிகாட்ட மட்டும் பயன்பட்டது. அந்த நாள் வழக்கப்படி அந்த நாடாவை அழித்து வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

கதையில் முனியனின் மனைவி பிரசவத்தில் இறந்துபோகிறாள். குழந்தையும் தங்குவதில்லை. முனியன் அவளைக் கோரைப்பாயில் கிடத்திவிட்டு நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பான். விமர்சகர்கள் அந்த மௌனத்தைப் பற்றி நிறைய எழுதினார்கள். ஏசுபாதத்தைக் கேட்டால், "பசி பாப்பா. வேற இன்னா? நாஸ்தா இன்னும் வரல" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அரசுத் தொலைக்காட்சி படத்தை ஒளிபரப்பியது. ஊரே பஞ்சாயத்து டிவி முன்னால் கூடியது. பாட்டில்லை, சண்டையில்லை. பாதியில் கரண்ட் போனது. யாரும் கவலைப்படவில்லை.

ஊரில் முடிந்த படம் வெளிநாட்டில் தொடங்கியது. நட்பு நாடுகளுக்கு நம் நாடு அனுப்பும் திரைப்படப் பொதி ஒன்று உண்டு. தூதரகங்கள் வழியாகப் போகும். அந்தந்த நாட்டு அரசுத் தொலைக்காட்சி தன் மொழியில் குரல் சேர்த்து ஒளிபரப்பும். அங்கிருந்து பதிலுக்கு ஒரு பொதி வரும். எங்கள் படம் அந்தப் பொதியில் நிரந்தரமாக இடம்பிடித்தது. அம்மா ரஷ்ய மொழியில் இறந்தாள். அரபியில் இறந்தாள். ஸ்பானிய மொழியில் இறந்தாள்.

பொதி பிடித்துப்போன நாடுகளிலிருந்து விருந்தினர்கள் வருவார்கள். மாமல்லபுரத்தில் கல் கோயில் பார்ப்பார்கள். மதியத்துக்கு மேல் முனியனைப் பார்க்க எங்கள் ஊருக்கு வருவார்கள். அழைத்து வருபவர் கோபாலகிருஷ்ணன். அரசுத் தொலைக்காட்சியில் நிகழ்ச்சி அதிகாரி. கதர்ச் சட்டை, மெல்லிய குரல். தன் வேலையை உண்மையாகவே நம்புகிறவர். ராணுவமும் பணமும் செய்ய முடியாததை ஒரு படம் செய்யும் என்பார். அதற்கு டெல்லியில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். அதை 'மென்மையான பலம்' என்று தமிழாக்கி ஏசுபாதத்திடம் சொன்னார்.

"பஞ்சு மாரியா சார்?"

"அப்படியும் சொல்லலாம்."

"பஞ்சு லோடு வந்தா பேஜாரு சார். எட காட்டாது. ஆனா ரோட்டயே அடைச்சிக்கினு நிக்கும்."

கோபாலகிருஷ்ணன் சிரித்து, அதையும் விருந்தினர்களுக்கு மொழிபெயர்த்தார். அவர்கள் குறித்துக்கொண்டார்கள்.

படத்தில் வந்த குடிசை வர்தா புயலில் போய்விட்டது. அப்போதே ஏசுபாதம் கான்கிரீட் வீட்டுக்குக் குடியேறி நெடுநாள் ஆகியிருந்தது. ஆனாலும் குடிசையைத் திரும்பக் கட்டினார். இந்த முறை கதவை வடக்குப் பார்த்து வைத்தார். அப்போதுதான் மதிய வெயில் கதவு வழியாக நேராக உள்ளே விழுந்து கேமராவைக் கெடுக்காது. படத்து ஜோடி நிஜத்திலும் புருஷன் பெண்டாட்டி என்றே வருகிறவர்கள் நினைத்தார்கள். பாயைப் பார்ப்பார்கள். பானையைத் தொடுவார்கள். சிலர் அழுவார்கள். அவர்கள் அழும்போது அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வேன் போனதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, எடைமேடைக்குப் போய்விடுவார். ஊர்ப் பையன்கள் அவரைப் 'படத்துப் புருஷன்' என்பார்கள். அவருக்கு அதில் கோபமில்லை.

அம்மாவும் ஆரம்பத்தில், கோபாலகிருஷ்ணனுக்கு முன்பிருந்த அதிகாரியின் காலத்தில், விருந்தினர் முன்னால் நின்றிருக்கிறாள். பிறகு அவளுக்குச் சத்துணவுக் கூடத்தில் சமையல் வேலை கிடைத்தது. கல்யாணமாகி நான் பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலம். ஒருமுறை விருந்தினர் கூட்டம், அந்தக் கடைசிக் காட்சிபோல ஒரு போட்டோ வேண்டும் என்றது. அம்மா கோரைப்பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டாள். கிளிக், கிளிக் என்று சத்தம். யாரோ விசும்பினார்கள். யாரோ அவள் கையை எடுத்து மார்பின் மேல் வைத்தார்கள். வெளியே நான் பசியில் கத்தினேனாம். அம்மா சட்டென்று எழுந்து சேலையை உதறினாள்.

"அண்ணே, நான் இன்னா செத்துச் செத்தா காட்டிக்கினு இருப்பேன்? அடுத்த வாட்டி வந்தா, நெஜமாவே செத்துட்டேன்னு சொல்லிடு."

அவர் சொல்லிவிட்டார்.

அதற்கப்புறம் எங்கள் அம்மா அரசுத் தொலைக்காட்சியின் பார்வையில் காலமானவள். விருந்தினர்களுக்குக் கொடுக்கும் சிறு புத்தகத்தில், ஆங்கிலத்தில், 'படம் முடிந்த சிறிது காலத்தில் மறைந்தார்' என்று அச்சாகியிருக்கிறது. கோபாலகிருஷ்ணன் அதை ஓராண்டுக்குள் என்று ஆக்கினார். அப்படி இருந்தால் மனதைத் தொடும் என்றார். அந்தக் கணக்குப்படி நான் பிறக்கவே இல்லை.

அம்மாவுக்கு இது பிடித்திருந்தது. வேன் வரும் நாளில் பள்ளிக்கூடத்துச் சமையலறையிலேயே இருந்துவிடுவாள். சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது எடைமேடைக் கூண்டுக்கு முன்னால் நின்று கேட்பாள்.

"அண்ணே, இந்த வாட்டி எதுல செத்தேன்?"

காரணத்தை அவர் ஆண்டுக்கு ஆண்டு மாற்றுவார். டைபாய்டு. பாம்பு. மஞ்சள் காமாலை. ஒருமுறை இடி விழுந்தது. எதற்காக மாற்றுகிறார் என்று கேட்டால், "ஒரே டைலாக்க எத்தினி வாட்டி சொல்றது? ஃபீலிங் வராது" என்பார். கோபாலகிருஷ்ணனுக்கு ஒருமுறை சந்தேகம் வந்துவிட்டது.

"போன வருஷம் பாம்புன்னு சொன்னீங்களே?"

"ஆமா சார். பாம்பு கடிச்சிதான் காமாலை வந்துச்சி."

இடி விழுந்ததைக் கேட்டு அம்மா அந்தக் கூண்டின் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "காய்ச்சல்லயே வுட்டுரு அண்ணே, இடிலாம் வேணாம்" என்றாள்.

சென்ற ஆண்டு அந்தப் படத்தைக் கீறல் நீக்கிப் புதுப்பித்தார்கள். தென் அமெரிக்காவில் ஒரு நாட்டின் அரசுத் தொலைக்காட்சி, நம் படங்களுக்கென்று ஒரு வாரம் ஒதுக்கியது. முதல் நாள் எங்கள் படம். மறைந்த நடிகைக்கு மேடையில் அஞ்சலி. பேசுவதற்கு முனியனையே அழைத்துப்போவது என்று முடிவானது.

ஏசுபாதம் விமானத்தைக் கடற்கரையில் நின்று அண்ணாந்து பார்த்ததோடு சரி. பாஸ்போர்ட் எடுத்தார். ஷூ வாங்கி எடைமேடைக் கூண்டுக்குள்ளேயே போட்டுப் பழகினார். துபாயில் வேலை செய்துவிட்டு வந்த லாரி டிரைவர் ஒருவரைப் பிடித்து, பெல்ட்டை எப்படி மாட்டுவது, காது அடைத்தால் என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டார். மேடையில் பேச ஒரு வாக்கியம் மட்டும் ஆங்கிலத்தில் இருக்கட்டும் என்று கோபாலகிருஷ்ணன் எழுதிக்கொடுத்தார். அதைப் பகலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"மை ஒய்ஃப், நோ மோர்."

"நான் கல்லு மாரி உயிரோட இருக்கசொல்ல, மை ஒய்ஃப் நோ மோரா?" என்றாள் சம்பூர்ணம். "சொல்லு, சொல்லு. சவுத் அமெரிக்காவுல சொல்றது கர்த்தருக்குக் கேக்காது பாரு."

அம்மா அவருக்கு உச்சரிப்பு திருத்தினாள். சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்டு வந்து, "மோரு இல்ல அண்ணே, மோர்னு நிறுத்தணும்" என்று சொல்லிக்கொடுத்தாள். தன் சாவுச் செய்தியைத் தானே திருத்திய பெண்ணை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

தை பிறந்து சில நாட்களில், பள்ளிச் சமையலறையில் பருப்பு வெந்துகொண்டிருந்தபோது, அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் தெரு முனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டுவார்கள். காரியம் முடியும்வரை இருக்கும். மாமன் மகன் ஹேமந்த் செய்யூருக்குப் போய் அடித்துக்கொண்டு வந்தான். அம்மா போட்டோவுக்கு நிற்கிறவள் இல்லை. ஆதார் அட்டைப் படத்தைப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக வந்தது. அவன் இணையத்தில் தேடி, புதுப்பித்த படத்திலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் போட்டுவிட்டான். ஆளுயரத்தில், நாற்றுக் கட்டோடு, இளம்பெண்ணாக அம்மா. பக்கத்தில் இறந்த தேதி. கீழே வரிசையாக உறவினர்களின் சிறு படங்கள். மகள் என்று நான். அன்பு அண்ணன் என்று ஏசுபாதம், பாஸ்போர்ட்டுக்கு எடுத்த கோட்டுப் படத்தில்.

வேன் அந்த முனையில்தான் திரும்ப வேண்டும்.

அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். காலைநேரம். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் உட்காரவில்லை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பாப்பா, நாளிக்கி வேன் வருது."

"தெரியும் மாமா."

"சவுத் அமெரிக்கா டிவிக்காரம்மாவே வருது. நேர்ல பாத்துட்டு டிக்கெட்டு போடுவாங்களாம்."

"சரி."

"அந்த பேனரு... ஒரே ஒரு நாளு. சாக்க போட்டு மூடிக்கறேன். சாயந்தரம் நானே வந்து எடுத்துர்றேன். இத்தினி வருசமா செத்துட்டான்னு சொல்லிட்டு, இப்ப தேதியோட கீது. மூஞ்சில எப்டி முழிக்கறது?"

பின்னாலேயே வந்த சம்பூர்ணம் அதைக் கேட்டுவிட்டாள். "தங்கச்சி மூஞ்சில சாக்கு போடப் போறியா? பிளேன்ல குந்தினு போறதுக்கு? நீ போ. போயி வானத்துலயே குடும்பம் நடத்து."

பந்தலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "உங்க இஷ்டம் மாமா" என்றேன். அதைவிடக் கடுமையாக எதையும் நான் சொல்லியிருக்க முடியாது என்று சம்பூர்ணம் பிறகு சொன்னாள்.

அவர் சாக்கோடு முனைக்குப் போனதை ஹேமந்த் டீக்கடையிலிருந்து பார்த்திருக்கிறான். பேனருக்கு எதிரில் நின்றாராம். பேனரின் ஒரு மூலை அவிழ்ந்து காற்றில் அடித்துக்கொண்டிருந்ததாம். சாக்கின் வாயைத் தைத்திருந்த சணலை உருவி, அந்த மூலையை இழுத்துக் கட்டினாராம். பிறகு வெயிலுக்குச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டாராம்.

மறுநாள் போன் வந்தது. கடிகாரம், கண்ணாடி, பேன்ட். சம்பூர்ணம் படாளத்துக்குப் போகவில்லை. கான்கிரீட் வீட்டின் சமையலறையில் பாத்திரங்களை ஓசையோடு கழுவிக்கொண்டிருந்தாள். அவர் அவளைப் போகச் சொல்லவில்லை. நான் வேலிப் படலுக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கே எனக்கு வேலை எதுவும் இல்லை. வீட்டில் இருக்க முடியவில்லை.

கோபாலகிருஷ்ணன் முதலில் இறங்கினார். விருந்தினர்கள் இறங்குவதற்கு முன்பே வேகமாக ஏசுபாதத்திடம் வந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பேனரில் பார்த்த முகம் என்று தெரிந்துகொண்டது அவர் நின்ற விதத்தில் தெரிந்தது.

"ஏசுபாதம், முனையில வேன் நின்னுது. படிச்சேன்."

"ஆமா சார்."

"இத்தனை வருஷம் புத்தகத்துல நான் போட்டது..."

"ஆமா சார்."

"பாம்பு?"

"இல்ல சார்."

"இடி?"

கோபாலகிருஷ்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபப்படுகிற மனிதரில்லை. திரும்ப மாட்டிக்கொண்டு, "சரி, விடுங்க. விருந்தாளிங்களுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. படத்துக்கு வெச்ச பேனர்னு நினைச்சுக்கிட்டாங்க. நீங்க வழக்கமாச் சொல்றதையே சொல்லிடுங்க. இப்போ அது சரியாத்தான் இருக்கு" என்றார்.

சரியாகத்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகளில் முதல் முறையாக, செத்துவிட்டாள் என்ற அந்த ஒரு சொல்லில் பிழை இல்லை.

டிவிக்கார அம்மையாருக்கு நரைத்த முடி, கையில் ஒரு மலர்வளையம். மாமல்லபுரத்தில் வாங்கியிருக்க வேண்டும். குடிசைக்குள் குனிந்து போய், அந்தப் பாயின் மேல் வளையத்தை வைத்தார். வெளியே வந்து ஏசுபாதத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கேமரா ஓடத் தொடங்கியிருந்தது. அவர் ஆங்கிலத்தில் கேட்டதைக் கோபாலகிருஷ்ணன் தமிழில் சொன்னார்.

"உங்க மனைவியைப் பத்தி உங்க வாயால கேக்கணும்னு ஆசைப்படறாங்க."

"மை ஒய்ஃப்" என்றார் ஏசுபாதம்.

நின்றார். தரையைப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்தார்.

"மை ஒய்ஃப்" என்றார் மறுபடியும்.

"நோ மோர்" என்று கோபாலகிருஷ்ணன் உதட்டை அசைத்தார். சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. ஏசுபாதம் பனியனுக்குள் கையை விட்டுச் சிலுவையை வெளியே எடுத்தார்; என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்ததாகத் தோன்றவில்லை.

"வேலைக்குப் போயிருக்கு சார்."

"யாரு?"

"கன்னியம்மாதான். பள்ளிக்கூடத்துல புள்ளைங்களுக்கு சோறாக்கப் போயிருக்கு."

கோபாலகிருஷ்ணன் திரும்பி என்னைப் பார்த்தார். அவர் தாழ்ந்த குரலில், தமிழில், "அங்கே ஏற்பாடு பண்ணியிருக்கிறது அஞ்சலி நிகழ்ச்சி, ஏசுபாதம். இப்படிச் சொன்னா அது இல்லை. பயணமும் இல்லை. யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

"தெரியுது சார். அது எப்பவும் வேலைக்குதான் போவும். நான்தான் மாத்திச் சொல்லிக்கினு இருந்தேன்."

கோபாலகிருஷ்ணன் விருந்தினர்கள் பக்கம் திரும்பி, ஒரு சொல்லும் மாற்றாமல் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கைக்குட்டையை எடுத்ததை நான் பார்த்தேன்.

அம்மையார் முதலில் நம்பவில்லை. திரும்பக் கேட்டார். பிறகு ஓடிப்போய்ப் பாயிலிருந்த மலர்வளையத்தை எடுத்து வேனுக்குள் எறிந்தார். சிரித்தார். மற்றவர்கள் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார். ஒருவர் கேமராவைக் குடிசையிலிருந்து தெருவின் பக்கம் திருப்பினார். அம்மையார் கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ கேட்டார்.

"நேரம் இருக்காம்" என்றார் கோபாலகிருஷ்ணன். "அவங்க வர்ற வரைக்கும் இருந்து பார்த்துட்டுப் போறாங்களாம்."

ஏசுபாதம் தலையாட்டினார். "வரும். கொஞ்சம் நேரமாவும்" என்றார். வாசலுக்கு நடந்து போய், படலைத் திறந்துவிட்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து வெயிலை மறைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்துப் பக்கம் போகும் தெருவைப் பார்த்தார்.